ஜப்பான் மண்ணா, ஆற்று மணலா?

மீன்தொட்டிக்குள் செடி வளர்க்க ஆசைப்பட்டு, அடியில் எதைப் போடுவது என்று கடையில் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: அக்வா சொயில். யாழ்ப்பாணத்தில் தொட்டி வைத்திருப்பவருக்கு அது நல்ல யோசனை. இறம்பொடையில் இருப்பவர் அந்தக் காசைக் கொடுக்குமுன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அக்வா சொயில், கழுவிய ஆற்று மணல், மணல் மூடிய செம்மண் மூன்றையும் இங்கே இரண்டடித் தொட்டிகளில் போட்டு, பீலித் தண்ணீர் ஊற்றிச் செடி வைத்துப் பார்த்ததில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை அருவியைச் சுற்றியுள்ள மலைகளெல்லாம் மிகப் பழைய உருமாறிய பாறைகள். மழைத்தண்ணீர் அவற்றின் மேல் ஓடி வரும்போது சுண்ணாம்பைப் பெரிதாகக் கரைத்துக்கொண்டு வருவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கதை வேறு. அடியில் கிடப்பதே சுண்ணக்கல் என்பதால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலுக்குள் வெள்ளைப் படிவு ஏறும். இங்கே வருடக்கணக்கில் தேத்தண்ணிக்குக் கொதிக்கவைத்த கேத்திலும் உள்ளே சுத்தமாக இருக்கும். காபனேற்றுக் கடினத்தை அளக்கும் டெஸ்ட் கிட்டில், நீலம் மஞ்சளாகும்வரை துளித்துளியாக விட்டு எண்ண வேண்டும்; ஒரு துளி ஒரு டிகிரி. எங்கள் பீலித் தண்ணீரில் முதல் துளியே மஞ்சளாகிவிடுகிறது. அதாவது, அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் சரக்கு இந்தத் தண்ணீரில் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அக்வா சொயில். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தக்காஷி அமானோ 1982இல் தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனத்தின் அமசோனியா மண்தான் இந்த வகையில் பேர்போனது. கரிய மண்ணைக் குருணையாக்கிச் சூடேற்றி இறுக்கிய சரக்கு. அதே பாணியில் மலிவான பைகளும் இப்போது வருகின்றன. அது மூன்று வேலை செய்கிறது. சத்துகளைப் பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கிறது. மெல்லிய வேரும் புகுந்து ஓடத் தோதான குருணையாக இருக்கிறது. தண்ணீரிலுள்ள காபனேற்றை உறிஞ்சி அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. விலையில் ஒரு நல்ல பங்கு இந்த மூன்றாவது வேலைக்குத்தான். நம் தண்ணீரில் உறிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

தொட்டியில் நடந்ததும் அதுதான். பீஎச் சோதனை கிட்டின் ஆகக் குறைந்த நிறமான மஞ்சளிலேயே நின்றது, 6.0 அல்லது அதற்கும் கீழே. செடிகளுக்கு அதில் குறையில்லை. முன்வரிசையில் வைத்த எலியோகாரிஸ் புல் மற்ற இரண்டு தொட்டிகளையும் விடத் தெளிவாக முந்தியது. கம்பளம்போலப் படரும் மொன்டே கார்லோவும் இதில்தான் ஒழுங்காகப் பிடித்தது. குறை மீனில் தெரிந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் போத்தலில் கொண்டுவரும் கப்பி, மொலி எல்லாம் கடினமான தண்ணீரை விரும்புகிறவை. இதற்குள் செட்டையை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றன. நம் நாட்டு ஓடைகளுக்கே உரிய செரி பாப் மீனுக்கு இந்த மென்னீர் ஒத்துவரும்.

இன்னொன்று குளிர். புதிய அக்வா சொயில் முதல் சில வாரங்கள் அமோனியாவைக் கக்கும். அதைத் தின்று தீர்க்கும் பக்டீரியாக்கள் குளிரிலும் அமிலத்திலும் மந்தமாகிவிடும். பைகளில் எழுதியிருக்கும் வாரக்கணக்கு வெப்பநாட்டு வீட்டுக்கானது. மார்கழி இரவில், ஹீட்டர் இல்லாத லயத்து வீட்டில், அந்தக் கணக்கை நம்பி மீன் விடாதீர்கள். அமோனியா சோதனை சுழியத்துக்கு வந்த பிறகு விடுங்கள்.

டொலமைட் போட்டுக் கடினத்தைக் கூட்டலாமே என்று கேட்கலாம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் மண்ணின் புளிப்பைக் குறைக்க மலைக்கு வீசுகிறார்களே, அதே டொலமைட்தான். கல்சியமும் மகனீசியமும் இரண்டும் அதில் உண்டு. மணல் தொட்டியில் ஒரு தேக்கரண்டியைத் துணியில் முடிந்து பில்டருக்குள் வைத்தால் மெல்ல மெல்லக் கரைந்து உதவும். அக்வா சொயில் தொட்டியில் அது வீண். காபனேற்றை உறிஞ்சும் மண்ணைக் காசு கொடுத்து வாங்கி, அதற்குத் தின்னக் காபனேற்றையே போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். அமோனியா தீராத நாட்களில் செய்வது ஆபத்தும்கூட: பீஎச் ஏற ஏற, அதிகம் உறுத்தாத அமோனியம் மீனைக் கொல்லும் அமோனியாவாக மாறும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டடிக்கு ஓரடித் தொட்டியில் ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போட 60, 30, 5 மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஒன்பது லீற்றர் வருகிறது. அதாவது ஒரு முழுப் பெரிய பை. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபது வரை போன பிறகு, இறக்குமதிச் சரக்கின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை. இவ்வளவுக்கும் அந்த மண் நிரந்தரமில்லை. ஓரிரு வருடத்தில் சத்து வடிந்து, குருணை உடைந்து சேறாகத் தொடங்கும்.

ஆற்று மணலுக்கு இப்படி ஆயுள் கிடையாது; பெரும்பாலும் குவார்ட்ஸ், தண்ணீரோடு எந்த வேலையும் செய்யாது. கொத்மலை ஓயாவில் இறங்கி வாளியில் அள்ளத் தோன்றும். வேண்டாம். மணல் அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டிய நாடு இது. ஹார்ட்வெயார் கடையில் கேளுங்கள். கியூப் கணக்கில் விற்பவரிடம் ஒரு வாளி மணல் கேட்டால் சிரிப்பார், கொடுத்தும் விடுவார். வாங்குமுன் ஒரு பிடியில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சிப்பியோ சுண்ணாம்போ சீமெந்துத் தூளோ கலந்திருக்கிறது. கடையில் விற்கும் வெள்ளைப் பளிங்குக் கல்லிலும் இதையே செய்து பார்க்கலாம். சாயம் பூசிய கலர் கல்லைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

மணலை இரண்டு முறை சலிக்க வேண்டும். நுளம்புவலையில் தங்காமல் ஓடும் பொடியும் ஆகாது, அரிதட்டில் தங்கும் கல்லும் ஆகாது. ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர்வரை உள்ள மணி போதும். பொடி மணல் இறுகிப்போனால் அடியில் காற்று இல்லாமல் கறுத்து, கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் எழும். ஓடைகளில் கிடைக்கும் சுருள் நத்தை சில இருந்தால் இரவெல்லாம் மணலுக்குள் உழுதுகொண்டே இருக்கும், நல்ல வேலைக்காரன். கழுவுவதுதான் பெரும்பாடு. வாளியில் நீர் தெளியும்வரை பீலியடியில் அலச வேண்டும். அபிரகத் தூள் மினுமினுவென்று மிதந்துகொண்டே இருக்கும். அது முழுக்கப் போகாது, போகாவிட்டாலும் கெடுதல் இல்லை.

மணலில் சத்து இல்லை என்பதுதான் அதன் ஒரே குறை. அதற்குக் கடையில் வேர் மாத்திரை இருக்கிறது. மண்புழு உரத்தைக் களிமண்ணோடு பிசைந்து உருட்டிக் காயவைத்தும் புதைக்கலாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேரடியில் ஒன்று அமுக்கிவிட வேண்டும். தோட்டத்து உரச்சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டால் என்ன என்று யாரும் முயல வேண்டாம். யூரியா தண்ணீருக்குள் அமோனியாவாகத்தான் முடியும்.

மூன்றாவது, காசில்லாத வழி. அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, சாதாரண மண்ணை ஓர் அங்குலம் பரப்பி, மேலே ஓர் அங்குலம் சரளை மூடும் முறை உலகமெங்கும் பரவியது. அதற்கும் முன்னரே, 1980களில், ஜெர்மனியின் டூப்ளா நிறுவனம் இரும்புச் சத்துக்காக லேட்டரைட்டை அடிமண்ணில் கலக்கச் சொல்லி விற்றது. நம் நாட்டில் மேல் மாகாணத்து வீடுகளுக்குச் சுவரெழுப்பும் கபொக் கல் அதுதான். ஆகவே நம் செம்மண்ணும் ஆகும் என்று நினைப்பது இயல்பு. ஆகும், ஆனால் தேயிலை மலை மண் ஆகாது. இலையில் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது 1946இல். அன்று தொடங்கிச் செப்பு மருந்து தெளிக்கப்பட்டு வந்திருக்கிறது. செம்பு மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். நம்முடையதைப் போன்ற மென்மையான, புளிப்பான தண்ணீரில் அது இன்னும் எளிதாகக் கரையும். இறாலும் நத்தையும் முதலில் சாகும். மேலும் தேயிலை விரும்பும் புளித்த மண்ணில் அலுமினியம் கரையும் நிலையில் இருக்கும், மீனின் செவுளுக்கு ஆகாது. மரக்கறித் தோட்ட மண்ணோ கோழி எருவும் உரமும் தின்று கொழுத்தது. அதைப் போட்டால் பாசிதான் விளையும்.

மருந்து படாத இடத்து அடிமண்ணை நனைத்துக் காயவைத்து, மீண்டும் நனைத்துக் காயவைத்து, சலித்து, சிறிது டொலமைட் கலந்து போட்ட தொட்டி நன்றாகவே வந்தது. சிவப்பு இலைச் செடிகளின் நிறம் இதில்தான் எடுப்பு. ஆனால் செடியைப் பிடுங்கி இடம் மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு இது சரிவராது. வேரோடு களி மேலே வந்து தொட்டி முழுக்கச் செந்நீராகும்.

மூன்று தொட்டியிலும் வைத்துப் பார்த்த செடிகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: கிரிப்டோகொரைன். வென்டீ, பெக்கெட்டீ, வோக்கரீ, பார்வா என்று உலகத் தொட்டிகளெல்லாம் அலங்கரிக்கும் பல இனங்களுக்கு இலங்கைதான் தாயகம். சத்தை வேரால் எடுக்கும் செடி. நட்டவுடன் இலைகள் கரைந்து அழுகும், பயந்து பிடுங்கக் கூடாது, வேரிலிருந்து திரும்ப வரும். மணலும் வேர் மாத்திரையும் உள்ள தொட்டியில் வென்டீ, அக்வா சொயில் தொட்டிக்கு ஒரு மாதம் பின்தங்கி வந்தது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எதென்று சொல்ல முடியவில்லை.

ஆகவே இறம்பொடைக்கு என் தேர்வு மணலும் வேர் மாத்திரையும். முன்பக்கம் நான்கு, பின்பக்கம் ஏழு சென்ரிமீற்றர். கப்பி வளர்ப்பவர் பில்டரில் ஒரு முடிச்சு டொலமைட். புல் கம்பளமே வேண்டும், காபனீரொட்சைட் சிலிண்டரும் வைத்திருக்கிறேன் என்பவர் அக்வா சொயில் வாங்கலாம், காசு வீண்போகாது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் இருப்பவர்களும் முதலில் தங்கள் தண்ணீரை ஒரு முறை சோதித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கிரிப்டோவை மட்டும் ஓடையிலிருந்து பிடுங்காமல், நாற்றுமேடையில் வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள்.