எம்.என். எழுத்து

தமிழ் எழுத்தின் அழகு என்றாலே நமக்குக் கல்வெட்டும் ஓலைச்சுவடியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை நம் கண்ணில் அதிகம் படும் தமிழ், கைப்பேசித் திரையில் இருக்கும் தமிழ். அதையும் ஒரு மனிதர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார் என்ற நினைப்பு நமக்கு வருவதே இல்லை. ஆப்பிள் கணினியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ‘தமிழ் எம்.என்.’, ‘தமிழ் சங்கம் எம்.என்.’ என்று இரண்டு பெயர்கள் இருக்கும். அந்த எம்.என்., மலேசியாவைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் முத்து நெடுமாறன்.

அவருடைய தந்தை கவிஞர் முரசு நெடுமாறன். மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் திரட்டி, 1997-இல் பெரும் களஞ்சியமாக வெளியிட்டவர். அந்த வீட்டுப் பிள்ளை 1985-இல் கணினியில் தமிழை ஏற்றும் வேலையைத் தொடங்கியபோது, அந்த மென்பொருளுக்கு ‘முரசு’ என்றே பெயர் அமைந்தது. பின்னாளில் அது ‘முரசு அஞ்சல்’ ஆனது; உலகத் தமிழர்கள் பலர் தட்டச்சு செய்யப் பழகியது அதில்தான். 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அவருடைய ‘செல்லினம்’ செயலி வந்தது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்பதைப் பலர் அதன்பிறகுதான் நம்பினார்கள். இவையெல்லாம் பலரும் எழுதிய செய்திகள். அவர் வரைந்த எழுத்தைப் பற்றித்தான் யாரும் அதிகம் வாய் திறப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

‘சங்கம்’ எழுத்துருவில் கோட்டின் பருமன் ஏறக்குறைய ஒரே சீராகப் போகும். ‘தமிழ் எம்.என்.’ பழைய அச்சு எழுத்தின் வழி வந்தது; கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலியும். முன்னது திரைக்கு, பின்னது தாளுக்கு என்று நான் பிரித்துக்கொள்வேன். ‘சங்க’த்தில் ‘ண’வைப் பாருங்கள். தமிழில் இடம் அதிகம் கேட்கும் எழுத்துகளில் ஒன்று அது. சுழியும் வளைவுமாக அடுத்தடுத்து வரும். சிறிய அளவில் உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டுக் கருந்திட்டாகிவிடும். இவர் ‘ண’வில் அந்த வெள்ளை அடைபடுவதில்லை. பக்கத்தில் ‘ர’ வந்தாலும் இரண்டும் ஒரே வரியின் பிள்ளைகளாகத் தெரிகின்றன. ஒன்று கருத்து, ஒன்று வெளுத்து நிற்பதில்லை. பத்தி முழுவதையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிய வேண்டும். நல்ல எழுத்துருவுக்கு நான் வைக்கும் முதல் சோதனை அதுதான்.

இரண்டாவது சோதனை புள்ளி. ‘ம்’, ‘ப்’ போன்றவற்றில் புள்ளி வைப்பது எளிது. ‘ட்’ அப்படியில்லை. அதன் வலப்பக்கம் மேலே வெற்றிடம். அகலத்தை அளந்து நட்ட நடுவில் புள்ளியை வைத்தால் அது எதன்மேலும் உட்காராமல் மிதக்கும். இடப்பக்கக் கோட்டின் தலையிலேயே வைத்தால் எழுத்து சாய்ந்தாற்போல் இருக்கும். இரண்டுக்கும் இடையில் ஓர் இடம் இருக்கிறது. அதை அளவுகோல் சொல்லாது, கண்தான் சொல்லும்.

ஓவியரின் கண் மட்டும் இருந்தாலும் போதாது என்பதுதான் இந்தக் கலையின் சிக்கல். தமிழுக்கு 247 எழுத்துகள் என்று பள்ளியில் படித்தோம். யூனிகோடு தமிழுக்கு ஒதுக்கியது 128 இடங்கள். அவற்றிலும் பல காலி. மீதியெல்லாம் எழுத்துருவுக்குள் எழுதிவைத்த விதிகளால் பிறப்பவை. ‘க’வும் உகரக் குறியும் சேர்ந்தால் ‘கு’ என்ற தனி உருவம் வரவேண்டும். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் 36 எழுத்துகள். ‘டி’, ‘டீ’ இரண்டும் வேறு கணக்கு. ‘கொ’ என்று தட்டினால் கணினியின் நினைவில் ‘க’ முதலில், ஒகரக் குறி பிறகு. திரையிலோ கொம்பு முன்னே, கால் பின்னே, நடுவில் ‘க’. இந்த இடமாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்க வேண்டும். வழக்கமாக ஒருவர் வரைவார், இன்னொருவர் விதி எழுதுவார். முத்து நெடுமாறன் இரண்டையும் செய்கிறவர். எழுத்துருவைச் சோதித்துப் பார்க்க ‘ஹைபிஸ்கஸ்’ என்ற கருவியையும் அவரே எழுதினார். ஹைபிஸ்கஸ் என்றால் செம்பருத்தி, மலேசியாவின் தேசியப் பூ.

எங்கள் ஊர் எலவனாசூர்கோட்டையின் சிவன் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தக் கல்லையும் இந்தத் திரையையும் அடுத்தடுத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. அக்காலக் கல்லில் புள்ளி அரிது. ‘எ’, ‘ஏ’ வேறுபாடு கிடையாது. ‘கெ’யா ‘கே’யா என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் குழப்பத்தைத் தீர்த்த பெருமையை இத்தாலியிலிருந்து வந்து வீரமாமுனிவர் என்று தமிழ்ப்பெயர் பூண்ட பெஸ்கி பாதிரியாருக்குக் கொடுக்கிறோம். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பழைய ‘ணை’, ‘லை’, ‘னை’ வடிவங்களை மாற்றியது. இத்தனை கைகள் பட்ட எழுத்து இது. உளி பட்ட கல்லில் கோடு ஒரே ஆழம்; ‘சங்க’த்தின் ஒரே சீரான கோட்டைப் பார்க்கும்போது எனக்கு அச்சுக்கூடத்தைவிடக் கல்தான் நினைவுக்கு வருகிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளின் கடைசி வரிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஆவணத்தை எழுதிய கணக்கனும் சாட்சிகளும் ‘இவை இன்னார் எழுத்து’ என்று பெயரைப் பதித்துவிட்டுத்தான் முடிப்பார்கள். எழுதியவன் பெயரை மறைப்பது நம் மரபில்லை. எழுத்துருவின் வாலில் நிற்கும் அந்த இரண்டு எழுத்துகளும் அந்த மரபில் வந்தவை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கையொப்பம் தமிழோடு நிற்கவும் இல்லை. மலையாளம், தெலுங்கு, கன்னடம், வங்காளம், ஒடியா, குர்முகி, அதற்கு அப்பால் மியன்மா, கெமர், லாவோ என்று ஆப்பிளின் பட்டியலில் எம்.என். பெயர் நீள்கிறது. சிங்களமும் உண்டு. கொழும்பில் ஒரு சிங்களத் தாய் தன் பிள்ளைக்கு ஐபோனில் தாய்மொழியில் எழுதியபோது, ஒரு தமிழர் வரைந்த வளைவுகளில் எழுதியிருக்கிறார். இதைவிட மரியாதையான அண்டை உறவு எனக்குத் தெரியாது. இன்னொருவரின் எழுத்தை வரைய அதன் வளைவை முதலில் நேசிக்க வேண்டும்.

நம் சாலைக்கு வருவோம். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் எங்கள் ஊர் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் ஃபிளெக்ஸ் போர்டுகள் வரிசையாக நிற்கும். காதணி விழா, திறப்பு விழா, கண்ணீர் அஞ்சலி. பெயர் நீளமானால் எழுத்தை இருபுறமிருந்தும் அமுக்கியிருப்பார்கள். இடம் மிஞ்சினால் பக்கவாட்டில் இழுத்திருப்பார்கள். புள்ளி முட்டையாகிவிடும். கொம்பின் சுழி நசுங்கி ‘கெ’யும் ‘கே’யும் ஒன்றாகும், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய குழப்பம் திரும்ப வந்து நிற்கும். கோரல் டிராவில் மௌஸை ஒரு இழுப்பு இழுப்பதால் வரும் வினை இது. ஒவ்வொரு வளைவுக்கும் ஒருவர் பார்த்துப் பார்த்துக் கொடுத்த அளவு அதில் போய்விடுகிறது.

டி.டி.பி. கடைத் தம்பிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, அவசரமும் அதிகம். கேட்க வேண்டியவர்கள் நாம். அடுத்து உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ போர்டோ அடிக்கக் கொடுக்கும்போது, “எழுத்தை இழுக்காதீங்க தம்பி, இடம் பத்தலைன்னா அளவைக் குறைச்சுக்கோங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.