இயல்பு என்பது யாருடைய பாடம்?

எலியட்ஸ் கடற்கரையில் பெசன்ட் நகர்வாசிகள் ‘என்ன சார், வாக்கிங்கா?’ என்று கேட்டுக்கொள்வது தகவலுக்காக அல்ல. ‘பார்த்தாலே தெரியுதே, ஏன் கேக்கறார்?’ என்று திகைக்கும் ஆட்டிசமுள்ளவர், ‘ஆமா சார், நீங்க?’ என்பதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார். அதை நடிப்பு என்கிறோம். நம்முடையதை இயல்பு என்கிறோம். ‘மாமாவுக்கு வணக்கம் சொல்லு’ என்று அதட்டிக் கற்பிக்கப்பட்டதை நாம் வசதியாக மறந்துவிட்டோம். அவருக்கோ ஒவ்வொரு முறையும் அது கூலியில்லா உழைப்பு.

கண்ணைப் பார்த்துப் பேசுவதும் இயற்கையல்ல. ஆண்டையின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதே குற்றமாயிருந்த மண் இது. இன்றோ, பார்க்காதவர் நேர்முகத் தேர்வில் கழித்துக்கட்டப்படுகிறார்.

குறை ஒருவருக்குள் இல்லை, இருவருக்கு இடையில் இருக்கிறது என்றார், தாமும் ஆட்டிசமுள்ளவரான டேமியன் மில்டன் (2012). கேதரின் கிராம்ப்டன் குழுவின் ஆய்வில் (2020) ஒரு கதை வாய்மாறிப் போனது. ஆட்டிசமுள்ளவர்களுக்குள் அது மற்றவர்களுக்குள் போலவே தேறியது; இரு சாராரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கேட்கிறோம். நேர்முகக் கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் தருவதும் சாய்தளம்தான். சலுகையல்ல, உரிமை.