தொகையில் இடம்பெறாத தந்தை: பெரியபுராணத்தில் சிவபாத இருதயர்

ஆய்வுச் சுருக்கம்

திருஞானசம்பந்தரின் தந்தையான சிவபாத இருதயர் 63 தனியடியார்களுள் ஒருவராக எண்ணப்படுவதில்லை. ஆயினும் சேக்கிழார் அவருக்குச் சம்பந்தர் புராணத்தின் தொடக்கம் முதல் இறுதி வரை இடமளித்துள்ளார். அருளாளர்கள் சூழ்ந்த குடும்பத்தில் இயல்பான மனிதராக நிற்கும் இத்தந்தையின் பாத்திரம், தேவார அகச்சான்றுகள் இரண்டின் மீது எழுப்பப்பட்டது என்பதையும், அவரது எளிமையைச் சேக்கிழார் குறையாகக் கருதவில்லை என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: சிவபாத இருதயர், சேக்கிழார், சம்பந்தர், சீர்காழி, திருத்தொண்டத்தொகை, அகச்சான்று.

முன்னுரை

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் 1256 பாடல்கள் திருஞானசம்பந்தருக்கு உரியவை. ‘பிள்ளை பாதி, புராணம் பாதி’ என்ற வழக்கு இதனால் எழுந்தது. பிள்ளைக்கு இவ்வளவு இடம் கொடுத்த நூல், பிள்ளையைப் பெற்றவருக்கு என்ன இடம் கொடுத்தது என்ற வினா அதிகம் எழுப்பப்படுவதில்லை. ஞானப்பால் நிகழ்ச்சியில் கோல் ஓங்கியவர் என்ற அளவிலேயே சிவபாத இருதயர் பெரும்பாலும் நினைவில் நிற்கிறார். அந்த ஒரு காட்சியோடு அவரை விட்டுவிடுவது சேக்கிழாரின் அமைப்பைக் குறைத்துக் காண்பதாகும்.

1. தொகையும் பெற்றோரும்

சுந்தரர் திருத்தொண்டத்தொகையின் இறுதியில் தம் பெற்றோரான சடையனாரையும் இசைஞானியாரையும் சுட்டித் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார். இக்குறிப்பே அவ்விருவரையும் நாயன்மார் வரிசையில் சேர்த்தது. நம்பியாண்டார் நம்பியும் சேக்கிழாரும் அவ்வரிசையைப் பின்பற்றினர். மகனைப் பெற்றதே அவர்களது தொண்டாக அமைந்தது. பெரியபுராணம் அவர்களைப் பற்றி மிகச் சுருக்கமாகவே பேசுகிறது.

சம்பந்தரின் பெற்றோரான சிவபாத இருதயருக்கும் பகவதியாருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. சம்பந்தரின் திருக்கடைக்காப்புகள் காழியையும் கவுணியர் குலத்தையும் முன்னிறுத்துகின்றன. தந்தை குறிக்கப்படும் இரு பதிகங்களிலும் அவர் உறவுப்பெயரால் வருகிறாரேயன்றி இயற்பெயரால் வரவில்லை. சம்பந்தரைச் சூழ்ந்திருந்த அப்பர், திருநீலகண்ட யாழ்ப்பாணர், முருகர், திருநீலநக்கர், குலச்சிறையார், மங்கையர்க்கரசியார், நின்றசீர் நெடுமாறர் ஆகிய அனைவரும் தொகையில் இடம்பெற்றவர்கள். அந்த வட்டத்தில் மிக நெருங்கிய உறவினரான தந்தை மட்டும் தொகைக்கு வெளியே நிற்கிறார். தொகையில் உள்ள தந்தைக்கு வரலாறு இல்லை. வரலாறு உள்ள தந்தைக்குத் தொகையில் இடமில்லை. இம்முரணைச் சேக்கிழார் கையாண்ட முறை ஆய்வுக்குரியது.

2. கோலும் சுட்டுவிரலும்

சீர்காழிப் பிரம தீர்த்தக் கரையில் மூன்று வயதுக் குழந்தையை அமர்த்திவிட்டுத் தந்தை நீராட இறங்குகிறார். அகமருடண மந்திரம் ஓதி நீருள் மூழ்குகிறார். தந்தையைக் காணாத குழந்தை தோணிபுரச் சிகரத்தை நோக்கி அழ, உமையம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டுகிறாள். சைவ வரலாற்றின் பெருநிகழ்ச்சி ஒன்று நடக்கும் வேளையில், அதற்கு மிக அருகில் இருந்தவர் தம் கடமையில் ஈடுபட்டு நீருக்குள் இருந்தார். எழுந்து வந்தவர் கண்டது குழந்தையின் வாயில் வழிந்த பால் மட்டுமே. எவரோ கொடுத்த எச்சிலை உண்டாயோ என்று சினந்து கோல் ஓங்குகிறார்.

இச்சினத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. ஆசார நெறியில் நின்ற ஓர் அந்தணத் தந்தை அந்நிலையில் கேட்கக்கூடிய கேள்வி அதுவே. அவர் கேட்டதனால்தான் குழந்தை விரலால் சுட்டி விடை கூறியது. முதல் பதிகம் பிறந்தது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் சம்பந்தர் ஒரு கையில் கிண்ணமும், மறு கையில் மேல்நோக்கிய சுட்டுவிரலுமாக நிற்பதைக் காண்கிறோம். அவ்விரல் தந்தையின் கேள்விக்கான விடை. சிற்பத்தில் தந்தை இல்லை; எனினும் அவரது கேள்வி இல்லாமல் அந்த முத்திரைக்குப் பொருள் இல்லை.

இக்காட்சியில் மேலும் பின்னே தள்ளப்படுபவர் பகவதியார். அம்மை ஊட்டிய பால், ஈன்ற தாய் ஊட்டிய பாலை மறைத்துவிடுகிறது. தந்தைக்குக் கோலாவது கிடைத்தது. தாய்க்கு அத்தகைய காட்சி ஒன்றும் வாய்க்கவில்லை.

3. தோளும் சிவிகையும்

ஞானம் பெற்ற பிள்ளையைத் தந்தை தம் தோளில் சுமந்து தலங்களுக்குச் செல்கிறார். பகவதியாரின் ஊரான திருநனிபள்ளிக்குச் செல்லும் வழியில், எதிரே தோன்றும் ஊர் எது எனப் பிள்ளை வினவ, தந்தை விடை கூறுகிறார். பதிகம் பிறக்கிறது. இந்நிகழ்ச்சி சேக்கிழாரின் கற்பனையன்று. இரண்டாம் திருமுறையில் உள்ள திருநனிபள்ளிப் பதிகத்தின் திருக்கடைக்காப்பில், தந்தையின் தோள்மீது இருந்தவாறே பாடியதைச் சம்பந்தரே குறிப்பிடுகிறார். ஊர்ப்பெயர் சொல்லும் எளிய செயலும், சுமக்கும் உடலுழைப்பும் தந்தையின் பங்களிப்பாகப் பதிகத்தினுள்ளேயே பதிவாகியுள்ளன.

இதன் தொடர்ச்சியாகத் திருநெல்வாயில் அரத்துறைப் பகுதியை வாசிக்க வேண்டும். பிள்ளை தந்தையின் தோளில் அமர்வதைத் தவிர்த்துத் தாமே நடக்கிறார். மலர்ப் பாதங்கள் நோவதைக் கண்டு தந்தை வருந்துகிறார். இறைவன் முத்துச் சிவிகை அருளுகிறான். அது பிள்ளைக்கு அருள். தந்தையைப் பொறுத்தவரை அவரிடம் எஞ்சியிருந்த ஒரு பணியும் முடிந்த இடம். இதை ஒரு முறையீடாகச் சேக்கிழார் எங்கும் எழுதவில்லை. தோளையும் சிவிகையையும் அடுத்தடுத்து வைத்ததோடு நின்றுவிடுகிறார்.

4. வேள்விப் பொருள்

மகனைப் பிரிய மனமில்லாமலும், தாம் செய்ய வேண்டிய வேள்வியை விட இயலாமலும் தந்தை சில காலம் உடன் செல்கிறார். வேள்விக்குரிய காலம் வந்ததைத் திருவாவடுதுறையில் மகனிடம் தெரிவிக்கிறார். தம்மிடம் பொருள் இல்லாத மகன் இறைவனிடம் பாடி வேண்ட, ஆயிரம் பொன் கொண்ட கிழி கிடைக்கிறது. அதனைப் பெற்றுத் தந்தை காழிக்குத் திரும்புகிறார். தந்தை மகனுக்கு அளிக்கும் உலகியல் முறை இங்கே தலைகீழாகிறது. மகனைக் குருவாக ஏற்று அனைத்தையும் துறக்கும் முடிவைத் தந்தை எடுக்கவில்லை. தம் கடமைக்குரிய செலவை நினைவில் வைத்துக்கொள்கிறார். அற்புதங்களுக்கு நடுவே வீட்டுக் கணக்கை மறவாதவர் அவர் ஒருவரே.

இவ்விடத்தில் யாழ்ப்பாணருடன் ஒப்பிடுவது பயன் தரும். பாணரின் யாழிசையால்தான் பதிகங்கள் சிறக்கின்றன என்று தருமபுரத்தில் அவருடைய உறவினர் கூற, அவர் நொந்து, யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடுமாறு சம்பந்தரை வேண்டுகிறார். பாட்டு யாழை வென்றபோது யாழையே முறிக்க முற்படுகிறார். பெருமைக்கு அருகில் தம் எல்லையை உணர்ந்தவர் பாணர். அவரது எல்லை கலையால் அளக்கப்பட்டது, அதனால் போற்றவும்பட்டது. தந்தையின் எல்லை இல்லறத்தின் எல்லை. அதை அளக்கக் கருவி இல்லை. போற்றத் தொகையும் இல்லை. பாணர் குலத்தவர் தொகையில் இடம்பெற, கவுணியர் குலத்து அந்தணர் இடம்பெறாததால், இங்கு எளிமை என்பது பிறப்பின் தாழ்வைக் குறிக்கவில்லை என்பதும் தெளிவாகிறது.

5. மதுரையில் தந்தை

சமணரோடு வாது செய்ய மகன் மதுரை சென்ற செய்தி அறிந்து தந்தை காழியிலிருந்து புறப்பட்டு வருகிறார். அருளாளருக்கு இடர் வராது என்ற உறுதி அடியார்க்கு இருக்கலாம். தந்தைக்கு மகனைக் கண்ணால் காண வேண்டியிருந்தது. அவரைக் கண்ட மகன் முதலில் வினவுவது பெற்றோர் நலனை அன்று. தோணிபுரத்து இறைவன் அம்மையுடன் இனிது இருந்தமை பற்றியே வினவுகிறார். மேலோட்டமான வாசிப்பில் இது புறக்கணிப்பாகத் தோன்றும்.

ஆனால் இச்சந்திப்பில் பாடப்பட்டதாகச் சேக்கிழார் தேர்ந்தெடுத்த பதிகம் எது என்பதே முதன்மையான வினா. அது மூன்றாம் திருமுறையில் உள்ள கழுமலப் பதிகம். பொற்கிண்ணத்து உணவு தகாதென்று தந்தை சினந்தபோது தம்மை ஆட்கொண்டவன் என்று அதன் இரண்டாம் பாடலில் இறைவனைச் சம்பந்தர் குறிக்கிறார். கழுமலத்தின் பன்னிரு பெயர்களில் சம்பந்தர் பாடிய பதிகங்கள் பல. அவற்றுள் தந்தையின் சினத்தை நினைவுகூரும் ஒன்றைத் தந்தை எதிரே நிற்கும் காட்சியில் சேக்கிழார் பொருத்தியது தற்செயலாக இருக்க முடியாது. நலம் கேட்காத மகன், பாட்டில் தந்தையை நினைத்திருக்கிறார். அச்சினம் மன்னிக்கப்பட வேண்டிய பிழையாக அன்றி, ஆட்கொள்ளப்பட்ட கணத்தின் ஒரு பகுதியாகவே அங்கு நிற்கிறது.

முடிவுரை

சினமும் தோளும் ஆகிய இரு அகச்சான்றுகளே தேவாரம் தந்தையைப் பற்றித் தரும் செய்தி. அவற்றைக் கொண்டு சேக்கிழார் கவலைப்படுகிற, சுமக்கிற, பொருள் கேட்கிற, பின்தொடர்ந்து வருகிற ஒரு மனிதரை ஆக்கியுள்ளார். சிவன் திருவடியை நெஞ்சில் கொண்டவர் என்ற பெயரும், மகப்பேறு வேண்டிச் செய்த தவமும் அவரை முழுதும் எளியவராகக் கொள்ளத் தடையாகும் என்று வாதிடலாம். அவர் பக்தியில் குறைந்தவர் அல்லர் என்பது உண்மையே. எனினும் புராணத்தில் அவர் செய்யும் செயல்களுள் ஒன்றேனும் அற்புதம் அன்று என்பதும் உண்மை.

திருநல்லூர்ப் பெருமணம் என்னும் இன்றைய ஆச்சாள்புரத்தில், மகனின் மணநாளில் எழுந்த சோதியில் உடன் வந்தோர் அனைவரும் புகுகின்றனர். அவர்களைப் பெயர் சொல்லி அடுக்கும் சேக்கிழார், நீலநக்கர், முருகர், பாணர் ஆகிய நாயன்மார் பெயர்களோடு சிவபாத இருதயர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார். தொகையைத் திருத்தும் உரிமை சேக்கிழாருக்கு இல்லை. சோதியில் புகுந்தோரின் வரிசையை அமைக்கும் உரிமை இருந்தது. அவ்வரிசையில் தந்தைக்குத் தனிச்சிறப்பு எதுவும் சேர்க்கப்படவில்லை, இடம் மறுக்கப்படவும் இல்லை. அருளாளர்க்கு அருகில் வாழ்ந்த எளியவர்களைச் சைவ மரபு எவ்வாறு நினைவில் கொண்டது என்பதை ஆராய்வோர், தொகைகளை மட்டுமன்றி இத்தகைய வரிசைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். பகவதியாரைப் பற்றிய தனி ஆய்வும் அவ்வழியில் தொடரத்தக்கது.