பழைய கொரோலாவும் மூன்று குமிழ்களும்

ரிமோட் ஸ்ராட்டர் பூட்டுகிறவர்கள் எல்லோரும் எஞ்சினைச் சூடாக்கத்தான் பூட்டுகிறோம் என்பார்கள். ஒரு முழுக் குளிர்காலம் அதோடு இருந்த பிறகு எனக்கு அதில் உடன்பாடில்லை. காபரேற்றர் காலத்துக் கார்களுக்கு அந்தச் சூடு தேவைப்பட்டது. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்தபின், அரை நிமிடம் ஓடவிட்டு மெதுவாக எடுத்துக்கொண்டு போனால் எஞ்சின் போகும் வழியிலேயே சூடேறிவிடும். சூடு வேண்டியிருப்பது முன்கண்ணாடிக்கு. ஸ்காபரோவில் சனவரி மாதக் காலை ஆறு மணிக்கு, இரவு முழுக்க வெளியில் நின்ற காரின் கண்ணாடியைச் சுரண்டியவர்களுக்கு இது விளங்கும். வெளிப்பக்கத்தைச் சுரண்டி முடித்து உள்ளே ஏறி இருந்தால் மூச்சுப் பட்டு உட்பக்கமும் படலம் கட்டும். அதற்குள் வேலைக்கு நேரமாகிவிடும். நாலு விரல் அகலத்துக்கு ஓட்டை போட்டு அதனூடாகப் பார்த்துக்கொண்டு மார்க்கம் வீதியில் இறங்குகிறவர்களைத் தினமும் காண்கிறேன். தெளிவில்லாத கண்ணாடியோடு ஓட்டுவது ஒன்ராறியோ நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம். குற்றம் என்பது கிடக்கட்டும், அந்த இருட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீதியைக் கடக்கிறார்கள்.

என்னுடையது 2006 ரொயோட்டா கொரோலா. சேசி இலக்கம் 2T என்று தொடங்குவதால் கனடாவில், ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜில் செய்தது. அங்கே 1988-இலிருந்து 2019 வரை கொரோலா செய்தார்கள். 1.8 லீற்றர் எஞ்சின், ஒட்டோமற்றிக், அடிமட்ட மொடல். மற்ற விவரமெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தக் குளிரிலும் முதல் திருப்பிலேயே பிடிக்கிற வண்டி. துருப்பிடித்து அடிப்பாகம் போகும்வரை விற்க மாட்டேன். ஆனால் அதன் இன்றைய விலைக்கு, கடைகளில் ரிமோட் ஸ்ராட்டர் பூட்டக் கேட்ட 450 டொலர் கட்டுப்படியாகாது. 160 டொலருக்குக் கருவியை வாங்கினேன். மல்ரிமீற்றர், ஈயம், துணி ரேப் எல்லாம் சேர்த்து 200-க்குள் வேலை முடிந்தது.

இனி அந்த மூன்று குமிழ்களுக்கு வருகிறேன். இந்தக் கருவியைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே அவற்றால்தான்.

ரிமோட் ஸ்ராட்டர் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: சாவியை யாரோ திருப்பிவிட்டார்கள் என்று காரை நம்ப வைப்பது. எஞ்சின் பிடித்த பிறகு உள்ளே எது வேலை செய்யும், எது செய்யாது என்பது அதன் கையில் இல்லை. முதல்நாள் இரவு நீங்கள் காரை எந்த நிலையில் விட்டுவிட்டு இறங்கினீர்களோ, அந்த நிலையில்தான் காலையில் எல்லாம் தொடங்கும். கருவியின் பெட்டியில் இது ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

பழைய கொரோலாவின் டாஷ்போட்டில் விசிறிக்கு ஒரு குமிழ், சூட்டுக்கு ஒரு குமிழ், காற்று போகும் திசைக்கு ஒரு குமிழ். கையால் திருப்பினால் திருப்பிய இடத்தில் நிற்கும். பற்றறியைக் கழற்றினாலும் அங்கேதான் நிற்கும். இரவில் வீட்டுக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்துமுன் சூட்டுக் குமிழைச் சிவப்பின் கடைசிக்குத் திருப்புவேன். திசைக் குமிழை முன்கண்ணாடிக்கு. விசிறியை இரண்டில். வெளிக்காற்று உள்ளே வருகிற நிலையில் விட்டுவிடுவேன். உள்காற்றையே சுற்றவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் கண்ணாடி மங்கும். இப்படி விட்டுவிட்டுப் போனால் காலையில் கார் தானாகத் தொடங்கிக் கண்ணாடியின் அடியிலிருந்து மேல்நோக்கி உருக்கத் தொடங்கும். பத்து நிமிடத்தில், மைனஸ் 15-இல்கூட, பனிப்படலம் கண்ணாடியின் பிடியை விட்டுவிடுகிறது. பிறகு சுரண்டியை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினால் முழுப் பாளமாக வழுக்கிக்கொண்டு போகும். அதைப் பார்க்கிற சந்தோசம் குளிர்காலம் முடிகிறவரை எனக்குக் குறையவில்லை.

விசிறியை ஏன் முழு வேகத்தில் வைப்பதில்லை என்று கேட்பார்கள். சும்மா நின்று ஓடுகிற எஞ்சின் மிக மெதுவாகத்தான் சூடேறும். விசிறி உச்சத்தில் சுழன்றால் ஏறுகிற கொஞ்சச் சூட்டையும் ஹீற்றர் உறிஞ்சிவிடும். கண்ணாடிக்குக் குளிர்காற்றுதான் போய்ச் சேரும், எஞ்சினும் தாமதமாகும். இரண்டாம் நிலைதான் என் காருக்குச் சரிவந்தது.

இதே கருவியை, பொத்தான் வைத்த டிஜிற்றல் ஹீற்றர் உள்ள கார்களில் பூட்டியவர்கள் சிலரின் கதை வேறு. எஞ்சின் நின்று மறுபடி தொடங்கும்போது அந்தப் பலகை சில மொடல்களில் அணைந்த நிலையிலேயே எழும்பும். எஞ்சின் பதினைந்து நிமிடம் ஓடிப் பெற்றோலைக் குடிக்கும், கண்ணாடி அப்படியே வெள்ளையாக இருக்கும். தொழிற்சாலையிலேயே ரிமோட் ஸ்ராட்டோடு வருகிற புதுக் கார்கள் வெளிக்குளிரைப் பார்த்துத் தாமே ஹீற்றரைப் போட்டுக்கொள்கின்றன, அது உண்மை. ஆனால் அதற்கு இருபதாயிரம் டொலருக்கு மேல் கொடுக்க வேண்டும். 200 டொலர் செலவில் அந்தச் சுகத்துக்குக் கிட்ட வருவது குமிழ் வைத்த பழைய கார்தான்.

இரவில் பார்க்க வேண்டிய இன்னொன்று வைப்பர். மழைக்குப் போட்ட வைப்பரை நிறுத்தாமல் சாவியைத் திருப்பி இறங்கிவிட்டால், காலையில் ரிமோட்டை அழுத்தியதும் பனியில் ஒட்டிக்கிடக்கிற வைப்பர் கிளம்பப் பார்க்கும். றப்பர் கிழியும், சிலவேளை மோட்டரே போகும். எங்கள் வீட்டில் இந்தக் காரை வேறு யார் எடுத்தாலும் இறங்கும்போது மூன்று குமிழும் வைப்பரும் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுக்கிறேன்.

பூட்டுகிற வேலையிலும் ஹீற்றர்தான் முக்கியம். ஸ்ரியரிங் தண்டின் அடியிலுள்ள பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றினால் சாவிச் சுவிச்சிலிருந்து இறங்குகிற தடித்த வயர்கள் தெரியும். வயரின் நிறத்தை நம்பாதீர்கள், மீற்றரை நம்புங்கள். கறுப்பு முனையை வெறும் இரும்பில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பாருங்கள். எப்போதும் 12 வோல்ற் இருப்பது பற்றறி வயர். சாவி ஒன் நிலையிலும் ஸ்ராட் பண்ணும்போதும் 12 காட்டுவது இக்னிஷன். ஸ்ராட் பண்ணும்போது மட்டும் காட்டுவது ஸ்ராட்டர். ஏசிசியிலும் ஒன்னிலும் காட்டி, ஸ்ராட் பண்ணும்போது பூச்சியத்துக்கு விழுவது றேடியோ முதலான துணைக் கருவிகளுக்கானது. ஏசிசியில் ஒன்றுமில்லாமல், ஒன்னில் 12 காட்டி, ஸ்ராட் பண்ணும்போது விழுகிற வயர் ஒன்று இருந்தால் அதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஹீற்றர் விசிறி பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மலிவான கருவிகள் சில, இந்த வயருக்கென்று றிலே தருவதில்லை. அதை இணைக்காமல் விட்டாலும் எஞ்சின் அழகாகப் பிடிக்கும், ரிமோட்டும் வேலை செய்யும், விசிறி மட்டும் சுழலாது. வாங்குமுன் எத்தனை தடித்த வெளியீட்டு வயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இக்னிஷன் இரண்டு, துணைக் கருவி ஒன்று, ஸ்ராட்டர் ஒன்று என்பது என் கணக்கில் குறைந்தபட்சம்.

மஞ்சள் உறை போட்ட வயர்களையும் கனெக்ரர்களையும் தொடாதீர்கள், அவை ஏர்பாக்குக்குரியவை. பல்ப் வைத்த சோதனைக் குச்சியைக் கொண்டுவந்து அந்தப் பகுதியில் குத்துவது ஆபத்து. டிஜிற்றல் மீற்றர் மட்டும்தான்.

வயரைக் கடித்துப் பிடிக்கிற நீலக் கிளிப்புகள் சிலவற்றைக் கருவியோடு கொடுத்திருந்தார்கள். அவற்றைக் குப்பையில் போட்டேன். மைனஸ் 20-க்கும் பிளஸ் 30-க்கும் இடையில் வருசா வருசம் விரிந்து சுருங்குகிற காரில் அந்தக் கிளிப் தளரும். ஸ்ராட்டர் சுற்றில் ஓடுகிற மின்னோட்டத்துக்குத் தளர்ந்த இணைப்பு என்றால் சூடு, பிறகு புகை. ஈயம் வைத்து ஒட்டி, துணி ரேப் சுற்றி, பழைய வயர்க் கற்றையோடு கட்டிவிடுங்கள். ஒட்டத் தெரியாதவர்களுக்கு உங்கள் மொடலுக்கென்றே செய்த இணைப்புக் கற்றை கிடைக்கும். சாவிச் சுவிச்சின் கனெக்ரரைக் கழற்றி இடையில் செருகினால் போதும். கொஞ்சம் கூடுதல் காசு, ஆனால் ஒரு வயரையும் வெட்டத் தேவையில்லை.

என் சாவியில் சில்லு இல்லை. சாவியின் சில்லை அடையாளம் கண்டால்தான் எஞ்சினை ஓடவிடுகிற இம்மொபிலைசர், கனடாவில் 2007 செப்டம்பர் 1-க்குப் பிறகு செய்த கார்களில்தான் கட்டாயமானது. அதற்கு முன்னைய கார்களில் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. சந்தேகமென்றால் சாவி வெட்டுகிற கடையில் சில்லில்லாத வெறும் சாவி ஒன்று வெட்டிப் பாருங்கள். அதில் எஞ்சின் பிடித்து ஓடினால் உங்களுக்கு மேலதிகச் செலவு இல்லை. பிடிக்கவில்லை என்றால் அதற்கென்று இன்னொரு மொடியூல் வேண்டும். சிலர் அந்தக் காசை மிச்சம் பிடிக்க, உதிரிச் சாவியை ஒரு பெட்டியில் போட்டு டாஷ்போட்டுக்குள் ஒளித்துவிடுகிறார்கள். இதை நான் முழுக்க எதிர்க்கிறேன். கார் களவு இவ்வளவு மலிந்த ரொறன்ரோவில், காருக்குள்ளேயே சாவியை வைத்துவிட்டுத் தூங்கப் போவது எந்த விதத்திலும் சிக்கனமல்ல.

பொனற் சுவிச்சையும் பலர் பூட்டாமல் விடுகிறார்கள். பொனற் திறந்திருந்தால் எஞ்சின் தொடங்காமல் தடுக்கிற சின்னப் பொருள் அது. எஞ்சினில் யாரோ கை வைத்திருக்கும்போது வீட்டுக்குள் பிள்ளை ரிமோட்டை அழுத்தினால் பெல்ற் விரலை எடுத்துவிடும். அரை மணி நேர வேலைதான், செய்யுங்கள். எல்லாம் பூட்டிய பின், காரின் முன்னால் வெறும் இடம் பார்த்து, காலைப் பிரேக்குக்கு மேல் தொடாமல் வைத்துக்கொண்டு, கியரை டி-யில் போட்டு ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். ஸ்ராட்டர் சுழலவே கூடாது. சுழன்றால் அந்தக் கருவி அந்தக் காருக்கு ஆகாது. கையால் கியர் மாற்றுகிற கார் வைத்திருப்பவர்களுக்கென்றும் கருவிகள் விற்கிறார்கள், ஆனால் சொந்தமாகப் பூட்டுகிறவர்கள் அதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் காரை விடுகிறவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். கதவைத் திறந்து வைத்தாலும் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. வெளியில் விடுகிறவர்களும், பனிப்புயல் அடித்த மறுநாள் புகைபோக்கியைப் பார்க்காமல் ரிமோட்டை அழுத்தக் கூடாது. வாகனத்தால் தள்ளிய பனி காரின் பின்பக்கத்தில் குவிந்து குழாயை அடைத்திருக்கும். போன தையில் ஒரு காலை இறங்கிப் பார்த்தபோது குழாயின் வாய் தெரியவேயில்லை. அன்று மண்வெட்டியால் அதைத் தோண்டி எடுத்த பிறகுதான் சாவியைத் தொட்டேன்.

கருவியில் எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. மலிவான செற்றில் வருவது ஒருவழி ரிமோட். அழுத்தலாம், கார் பிடித்ததா என்று அது சொல்லாது. எங்கள் அடுக்குமாடியில் கார் பின்பக்கம், என் ஜன்னல் முன்பக்கம். பார்க்கிங் விளக்கு மின்னினாலும் எனக்குத் தெரியாது. பிடிக்கவில்லையோ என்று மறுபடி அழுத்தினால், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றுவிடும், ஏனென்றால் நிறுத்துவதற்கும் அதே பொத்தான். ஒரே பொத்தானில் இரண்டையும் வைத்த யோசனையை என்னால் மன்னிக்க முடியவில்லை. சுவர்களைத் தாண்டி ரிமோட் எட்டுவதும் நிச்சயமில்லை. தாழ்வாரத்தின் கோடிக்குப் போய் அழுத்திவிட்டு வருகிறேன். இன்னும் 60, 70 டொலர் போட்டால் பதில் சொல்கிற இருவழி ரிமோட் கிடைக்கும். மாடிவீட்டில் இருப்பவர்கள் அந்தக் காசை இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம்.

காரில் ஏறியதும் செய்வதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சாவியைப் போட்டு ஒன் வரைக்கும் மட்டும் திருப்ப வேண்டும், அதன் பிறகுதான் பிரேக். பிரேக்கை முதலில் மிதித்தால் எஞ்சின் நின்றுவிடும்; களவெடுக்க வருகிறவனுக்கு வைத்த தடை அது. ஸ்ராட் வரைக்கும் திருப்பினால் ஓடுகிற எஞ்சினில் ஸ்ராட்டர் உரசிக் கத்தும்.

எல்லா நாளும் இதைப் பாவிக்கக் கூடாது. ரொறன்ரோ நகரச் சட்டம், நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடுவதை 60 நிமிடத்தில் ஒரு நிமிடம் என்று கட்டுப்படுத்துகிறது. சட்டத்தை விட்டாலும், பனி கட்டாத காலையில் ஓடவிடுவது வெறும் புகை. கண்ணாடி வெள்ளையாக இருக்கிற நாளில் மட்டும் அழுத்துகிறேன்.

மிச்சமிருப்பது பின்கண்ணாடி. இந்தக் காரில் அதற்கு மட்டும் குமிழ் இல்லை, பொத்தான். அழுத்தினால் குறித்த நேரம் சூடாக்கிவிட்டு அணையும், எஞ்சினை நிறுத்தினால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும், காலையில் தானாக வராது. கருவியில் இதற்கென்று மெல்லிய வயர் ஒன்று சும்மா தொங்குகிறது. எஞ்சின் பிடித்த சில விநாடிகளில் அது ஒரு சிறு துடிப்பு மின்சாரம் கொடுக்கும். பொத்தானின் பின்பக்கம் எர்த்தால் இயங்குகிறதா 12 வோல்ற்றால் இயங்குகிறதா என்று மீற்றரால் பார்த்து, தேவைப்பட்டால் நடுவில் ஒரு றிலே போட வேண்டும். ஐந்து டொலர் றிலே. வைகாசியில் டாஷ்போட்டை மறுபடி கழற்றப் போகிறேன்.