வாய்ப்பா, அதிர்ஷ்டமா, எழுமாற்றா? கணினிச் சீட்டாட்டங்களின் சொல்லாட்சியும் விளம்பர மொழியும்

தமிழில் நற்பேற்றைக் குறிக்கும் சொற்கள் பல. ஆயின் ஆட்டக்களத்துப் பேச்சில் மிகுதியும் ஆளப்படுவது பெயர்ச்சொல் அன்று. 'விழு' என்னும் வினையே ஆகும். தாயக்கட்டையில் தாயம் விழுகிறது. சீட்டாட்டத்தில் சீட்டு விழுகிறது. பரிசுச்சீட்டில் பரிசு விழுகிறது. இவ்வினைக்கு ஆடுபவன் எழுவாய் ஆவதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்று, 'அவனுக்கு விழுந்தது' என ஏற்பவனாகவே நிற்கிறான். ஆட்டத்தின் விளைவில் ஆடுபவனின் செயல் எவ்வளவு, அவன் செயலுக்கு அப்பாற்பட்டது எவ்வளவு என்னும் வினாவிற்கு மொழி தன் தொடரமைப்பிலேயே ஒரு விடையை வைத்துள்ளது எனலாம். கணினித் திரையில் ஆடப்படும் சீட்டாட்டங்களைப் பற்றிய விளம்பரம், விதிமுறை, சட்டம், எச்சரிக்கை ஆகியவை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது இவ்விடை மறைந்து, வேறு விடைகள் அதனிடத்தில் அமர்கின்றன. அவை யாருக்கு ஊதியம் தருகின்றன என்பது மொழிபெயர்ப்பாளர் கருதற்குரியது.

இச்சிக்கலை முதலில் அது பிறந்த களத்திலேயே காண்பது தகும். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டோட்டா 2 என்னும் விளையாட்டின் உலகப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, அதனை நடத்திய வால்வ் நிறுவனம் ஆர்ட்டிஃபாக்ட் என்ற புதிய ஆட்டத்தை ஒரு சிறு படத்தின் வாயிலாக அறிவித்தது. அது ஒரு சீட்டாட்டம் எனத் தெரிந்த கணத்தில் அரங்கில் ஏமாற்றக் குரல் எழுந்தது. நிறுவனத்தின் நம்பிக்கையோ குன்றவில்லை. 2018 மார்ச்சில் அதன் தலைவர் கேப் நியூவெல், தனியொருவர் ஆடும் செயல் விளையாட்டுகளுக்கு ஹாஃப்-லைஃப் 2 எதுவாக இருந்ததோ, சீட்டாட்டங்களுக்கு ஆர்ட்டிஃபாக்ட் அதுவாக இருக்கும் என்னும் பொருள்படப் பேசினார். 1993இல் மேஜிக்: தி கேதரிங் என்னும் சீட்டாட்டத்தை உருவாக்கிய ரிச்சர்டு கார்ஃபீல்டின் பெயர் எங்கும் முன்வைக்கப்பட்டது. முதற்பரிசு 10 லட்சம் டாலர் கொண்ட போட்டி ஒன்று 2019இன் தொடக்கத்தில் நடைபெறும் என்றும் அறிவிக்கப்பட்டது.

ஆட்டம் 2018 நவம்பர் 28 அன்று ஏறத்தாழ 20 டாலர் விலைக்கு வெளிவந்தது. மேலும் சீட்டுகள் வேண்டுவோர் 12 சீட்டுகள் கொண்ட பொதியை ஏறத்தாழ 2 டாலர் கொடுத்து வாங்க வேண்டும். பொதிக்குள் எவை இருக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. வேண்டாத சீட்டை நிறுவனத்தின் சந்தையில் பிறருக்கு விற்கலாம். விற்பனையில் நிறுவனத்திற்கும் பங்குண்டு. வெளிவந்த நாளில் ஒரே நேரத்தில் ஆடியோர் 60 ஆயிரத்தை எட்டினர். சில மாதங்களிலேயே அத்தொகை ஆயிரத்துக்கும் கீழே சென்றது. அறிவித்த போட்டி நடக்கவில்லை. 2021 மார்ச்சில் ஆட்டத்தை மேம்படுத்தும் பணி கைவிடப்பட்டு, எஞ்சியது இலவசமாக்கப்பட்டது.

இவ்வீழ்ச்சிக்கு விலையையே முதற்காரணமாகக் கூறுவோர் உளர், அது தவறன்று. ஆயினும் ஆடியோரின் முறையீடுகளில் மற்றொரு பொருளும் திரும்பத் திரும்ப வந்தது. ஆர்ட்டிஃபாக்டில் எதிரே பகைவன் இல்லாத வீரன் நேரே தாக்குவானா, பக்கத்தில் நிற்பவனைத் தாக்குவானா என்பதை ஒவ்வொரு சுற்றிலும் கணினி தன்போக்கில் முடிவுசெய்து ஓர் அம்புக்குறியால் காட்டும். அவ்வம்புக்குறியே தம்மைத் தோற்கடித்தது என்று பலர் கருதினர். வியப்பு யாதெனில், அம்புக்குறி சுற்றின் தொடக்கத்திலேயே காட்டப்படுகிறது. அதனைக் கண்டபின் சீட்டு இறக்கி நிலைமையை மாற்ற ஆடுபவருக்கு இடமுண்டு. மேஜிக்கிலோ, கலைத்த கட்டின் எந்த அடுக்கில் எந்தச் சீட்டு உள்ளது என்பது எவருக்கும் தெரியாது. வேண்டிய சீட்டு வராமலேயே ஆட்டம் முடிவதுண்டு. அங்குத் தோற்றவர் 'சீட்டு வரவில்லை' என்று சொல்லி அடுத்த ஆட்டத்திற்குச் செல்கிறார். கண்ணெதிரே நிகழும் தற்செயலைப் பொறாதவர், காணாத தற்செயலை இயல்பாகப் பொறுத்துக்கொள்கிறார்.

'அதிர்ஷ்டம்' என்னும் சொல்லின் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. வடமொழியில் 'அதிருஷ்டம்' என்பதன் பொருள் 'காணப்படாதது' என்பதே. வைசேடிகரும் மீமாம்சகரும் கண்ணுக்குப் புலப்படாமல் வினைப்பயனைக் கூட்டுவிக்கும் ஆற்றலை அச்சொல்லால் குறித்தனர். தமிழ் வழக்கில் அது நற்பேறு என்ற ஒரு பக்கத்தை மட்டும் பற்றிக்கொண்டது. தீயதைக் குறிக்கத் 'துரதிர்ஷ்டம்' என மற்றொரு சொல் வேண்டியதாயிற்று. வள்ளுவரின் 'ஊழ்' ஆகூழ், போகூழ் என இரண்டிற்கும் பொதுவாய் நின்றது போல அதிர்ஷ்டம் இன்று நிற்பதில்லை. எனவே ஆங்கிலத்தில் நடுநிலையாக நிற்கும் ஒரு சொல்லை 'அதிர்ஷ்டம்' என்று பெயர்க்குந்தோறும், இழப்பு பாதியளவு வாக்கியத்திலிருந்து நீங்கிவிடுகிறது.

'வாய்ப்பு' இதனினும் இடர் மிக்கது. திறனைச் சார்ந்த ஆட்டத்தைத் 'திறன் விளையாட்டு' என்றும், தற்செயலைச் சார்ந்ததை 'வாய்ப்பு விளையாட்டு' என்றும் வழங்கும் வழக்கம் செய்தித்தாள்களிலும் சட்டம் பற்றிய எழுத்துகளிலும் பரவியுள்ளது. வாய்த்தல் என்பது தமிழில் பெரும்பாலும் நல்லது கைகூடுதலே. வேலைவாய்ப்பு, வாய்ப்பு நழுவியது, வாய்ப்பளித்தல் ஆகிய தொடர்கள் யாவும் அப்பொருளினவே. 'வாய்ப்பு விளையாட்டுகள் தடைசெய்யப்பட்டன' என்று படிக்கும் எளிய வாசகருக்கு அரசு ஏதோ ஒரு நல்வாய்ப்பைப் பறித்துவிட்டது போலவும் தோன்றலாம்.

இந்த இரு பெயர்களுக்குப் பின்னால் ஒரு தீர்ப்பு உள்ளது. 1967இல் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பான்மையும் திறன் சார்ந்த ஆட்டம் எனக் கொண்டது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்தல், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது எனத் தேர்தல் ஆகியவை திறன் வேண்டுவன என்பது அதன் காரணம். சீட்டைக் கலைத்துப் பகிரும் எவ்வாட்டத்திலும் தற்செயலின் கூறு உண்டு என்பதையும் நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆக, 'பெரும்பான்மையும்' என்னும் ஓர் அடைமொழியே தீர்ப்பின் உயிர்நிலை. விளம்பரங்களின் தமிழிலோ அவ்வடைமொழி உதிர்ந்துபோயிற்று. ரம்மி 'திறன் விளையாட்டு' ஆயிற்று. திறன் விளையாட்டு என்றபின், தோற்றவன் திறனற்றவன் என்பது சொல்லாமலே பெறப்பட்டது. பணத்தை இழந்தவர் மேலும் ஆடித் திறனை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்னும் முடிவுக்கு இச்சொல் வழிகாட்டுகிறது. இச்சொல்லாட்சியின் கொடுமை இதுவே.

திறனும் தற்செயலும் ஒரே தராசின் இரு தட்டுகள் என்னும் கருத்தே ஐயத்திற்குரியது. கார்ஃபீல்டு தம் உரைகளில் ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தருவதுண்டு. இருவர் சதுரங்கம் ஆடி முடித்தபின் ஒரு பகடையை உருட்டுகின்றனர். ஒன்று விழுந்தால் தோற்றவரே வென்றவர் ஆவார். இவ்வாட்டத்தில் சதுரங்கத்திற்கு வேண்டிய திறன் ஓர் இம்மியும் குறையவில்லை. தற்செயலோ பெரிதும் கூடிவிட்டது. ஜார்ஜ் ஸ்கேஃப் எலியாஸ், கார்ஃபீல்டு, ராபர்ட் குட்ஷெரா ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆட்டங்களின் இயல்புகள் பற்றிய நூலும் இவ்விரண்டைத் தனித்தனி அளவைகளாகவே கொள்கிறது. அங்ஙனமாயின் 'திறன் விளையாட்டு', 'வாய்ப்பு விளையாட்டு' என ஆட்டங்களை இரு கூடைகளில் இடும் பெயர்கள் பொருந்தா. ஓர் ஆட்டத்தில் திறன் எவ்வளவு, தற்செயல் எவ்வளவு எனக் கூறும் தொடர்களே பொருந்தும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடுவதை வரையறுக்கையில், ஆட்டம் திறன் சார்ந்ததா, தற்செயல் சார்ந்ததா, இரண்டும் கலந்ததா என்பதைக் கருதவேண்டியதில்லை என்றது. திருக்குறளின் சூது அதிகாரமும் இவ்வேறுபாட்டைக் கருதவில்லை என்பது நினைவுகூரத்தக்கது. வெற்றியையே மீன் விழுங்கிய தூண்டிலாகக் கண்டவர்க்கு அது தேவைப்படவில்லை.

அறிவியல் தமிழின் நிலையையும் நோக்குதல் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முன்கூட்டி உரைக்கவியலாத் தேர்வைக் குறிக்கச் 'சமவாய்ப்பு' என்னும் சொல்லை ஆள்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அதற்கு வழங்குவது 'எழுமாற்று' என்பதாகும். கணித வகுப்பில் எச்சொல்லை ஆண்டாலும் கேடில்லை. ஆனால் சீட்டுப் பொதியைப் பற்றி எழுதும்போது 'சமவாய்ப்பு' ஒரு பொய்ச்சான்றாகிவிடும். 2014இல் வெளிவந்த ஹார்த்ஸ்டோன் என்னும் கணினிச் சீட்டாட்டத்தில் ஒரு பொதிக்கு 5 சீட்டுகள். மிக உயர்ந்த தரத்துச் சீட்டு சராசரியாக 20 பொதிக்கு ஒன்றுதான் வரும். சீட்டுகள் சம வாய்ப்புடன் வருவதில்லை. சமமின்மையே விற்பனையின் அடிப்படை. 'சமவாய்ப்பு முறையில் தேர்ந்த சீட்டுகள்' என்று பெயர்த்தால், மூலத்தில் இல்லாத ஒரு நடுநிலையை மொழிபெயர்ப்பாளர் தம் கையிலிருந்து வழங்கியவராவார். 'எழுமாற்று' அத்தகைய வாக்குறுதி எதனையும் தருவதில்லை. இந்தியத் தமிழ் வாசகருக்குப் பழக்கமற்றது என்னும் தடை உண்டு. ஆயினும் 'நிகழ்தகவு' ஒரு காலத்தில் பழக்கமற்றதாகவே இருந்தது.

மேற்சொன்ன 20 பொதிக்கு ஒன்று என்னும் கணக்கு விளம்பரத்தால் தெரியவந்ததன்று. இத்தகைய நிகழ்தகவுகளை வெளியிட வேண்டும் எனச் சீன அரசு விதித்த விதி 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தபின்னரே அது வெளிவந்தது. அதனையடுத்து அந்நாட்டில் பொதிகளை விற்பதாகக் கூறாமல், ஆட்டத்தினுள் பயன்படும் ஒருவகைத் தூளை விற்பதாகவும், பொதிகள் அதனுடன் தரும் அன்பளிப்பு எனவும் பெயர் மாற்றப்பட்டது. 2019 ஜூனில் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன் தோன்றிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனப் பேராளர், உள்ளீடு தெரியாமல் விற்கப்படும் இத்தகைய பெட்டிகளை வியப்பூட்டும் பொறியமைவுகள் என்றே தாங்கள் கருதுவதாகக் கூறி, குழந்தைகளுக்கான பொம்மை வைத்த சாக்லேட் முட்டையுடன் ஒப்பிட்டார். பொருள் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. மங்கல வழக்கு என நம் இலக்கணிகள் கூறியது அமங்கலத்தை மறைக்க. இங்கே மறைவது விலை.

காணப்படாமை என்னும் அப்பழம்பொருள் கணினியில் மீண்டும் உயிர்பெற்றுள்ளது எனலாம். திண்ணையில் ஆடும்போது ஒருவர் சீட்டைக் கலைக்கிறார், மற்றவர் வெட்டுகிறார், எல்லோரும் பார்க்கின்றனர். திரையிலும் 'கலைத்தல்' என்றே கூறுகிறோம். ஆனால் கலைபட அங்குச் சீட்டு ஏதுமில்லை. ஒரு நிரல் எண்களை ஆக்குகிறது. அவ்வெண்களின் வரிசையே கட்டின் வரிசை. 1999இல் இணையவழிப் போக்கர் நிறுவனம் ஒன்று, தன் ஆட்டம் நேர்மையானது எனக் காட்டவேண்டித் தான் சீட்டைக் கலைக்கும் முறையை வெளியிட்டது. அதனை ஆராய்ந்த கணினி வல்லுநர்கள், 52 சீட்டுகள் அடையக்கூடிய வரிசைகள் 68 இலக்க எண்ணாக விரிந்திருக்க, அந்நிரலால் ஆக்கக்கூடியவை நள்ளிரவு முதல் கழிந்த மில்லிநொடிகளின் எண்ணிக்கையளவே, அதாவது 8 கோடியே 64 லட்சமே எனக் கண்டனர். சில சீட்டுகள் தெரிந்தவுடன் எஞ்சியவற்றைக் கணித்துச் சொல்லவும் அவர்களால் இயன்றது. 'கலைத்தல்' என்னும் பழஞ்சொல் திண்ணை ஆட்டத்தின் நம்பிக்கையைத் திரைக்குக் கடத்திவந்து, இவ்வேறுபாட்டை மூடிவிடுகிறது.

விளம்பரத் தமிழில் வினைமுற்றுகள் செய்யும் பணி தனி ஆய்வுக்குரியது. இவண் இரண்டைச் சுட்டினால் போதும். 'கிடைக்கும்' என்பதன் '-உம்' உறுதியையும் வழக்கத்தையும் ஒருங்கே உணர்த்தும். அரிய சீட்டு 'கிடைக்கும்' என்றால் எப்போதோ ஒருமுறை கிடைப்பதும் அதனுள் அடங்கும். கேட்பவர் மனத்தில் பதிவது உறுதியே. 'வெல்லலாம்' என்பதன் '-லாம்' இயலுமையையும் இசைவையும் குறிப்பது. ஒரு பெருந்தொகை 'வரை வெல்லலாம்' என்னும்போது நிகழ்தகவுக் கூற்று அழைப்பாக மாறிவிடுகிறது. 'விழும்' என்ற வினையை இவ்விளம்பரங்கள் நாடாததில் வியப்பில்லை. விழுவது விழாமலும் போகும் என்பது அவ்வினையைக் கேட்ட அளவிலேயே தமிழருக்குத் தோன்றிவிடும். 1960களின் இறுதியில் தமிழக அரசு பரிசுச்சீட்டு விற்றபோது வழங்கிய 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்னும் முழக்கம், அண்ணாவுடையதாகக் கூறப்படுவது. சூதிற்கு நியாயம் தேடிய முழக்கமே அது. 2003இல் பரிசுச்சீட்டு விற்பனை தமிழகத்தில் தடைசெய்யப்பட்டது. எனினும் 'விழாவிட்டால்' என்னும் எதிர்மறை அதில் சரிபாதி இடம் பெற்றிருந்தது. பின்னர் வந்த ரம்மி விளம்பரங்களில் அப்பாதி எச்சரிக்கை வாசகத்திற்குத் தள்ளப்பட்டது.

அவ்வாசகமும் மொழிபெயர்ப்பே. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களின் விளம்பரங்களுக்கு இந்திய விளம்பரத் தரக் குழு 2020 டிசம்பர் 15 முதல் விதித்த நெறிகளின்படி, அச்சு விளம்பரத்தில் எச்சரிக்கை ஐந்தில் ஒரு பங்கு இடத்திற்குக் குறையலாகாது. ஒலியில் இயல்பான பேச்சு வேகத்தில் சொல்லப்பட வேண்டும். இடமும் வேகமும் வரையறுக்கப்பட்டன. சொல் தேர்வு மொழிபெயர்ப்பாளரிடம் விடப்பட்டது. 'நிதிசார் இடர்க்கூறு அடங்கியது' என்று ஆங்கிலத்தைப் பின்பற்றி எழுதினால் அது விதியை நிறைவுசெய்யும், செவியில் தங்காது. 'இந்த ஆட்டத்தில் பணம் போகக்கூடும். விடமுடியாத பழக்கமாகவும் ஆகலாம்' என்று எழுதினாலும் விதி நிறைவேறும். முன்னதில் பணம் எழுவாயாகவும் இல்லை, போகவும் இல்லை.