தன்னையே நடித்த மாலுமி

1954இல் வெளிவந்த 'ஷெட்லண்ட்ஸ்யெங்கன்' என்ற நார்வேப் படத்தில் லெய்ஃப் லார்சனாக நடித்தவர் லெய்ஃப் லார்சனேதான். நாஜிகளின் பிடியிலிருந்த நார்வேக்கு ஷெட்லண்ட் தீவுகளிலிருந்து மீன்பிடிப் படகில் ஆயுதங்களையும் உளவாளிகளையும் கொண்டுபோய், திரும்பும்போது அகதிகளை ஏற்றிவந்தவர். அவருடைய தோழர்கள் சிலரும் தங்கள் வேடத்தைத் தாங்களே ஏற்றார்கள். அதே போரில் நார்வேயில் நடந்த கனநீர் ஆலைத் தகர்ப்பு பற்றிய 1948ஆம் ஆண்டுப் படத்திலும் இதே முறைதான்.

இந்த முறையின் பலம் உடம்பில் இருக்கிறது. கோடையில் அந்த வடகடலில் இருட்டே சரியாக வராது. அதனால் குளிர்காலப் புயல்களில்தான் படகு கிளம்பும். மேல்தளத்தில் கிடக்கும் எண்ணெய்ப் பீப்பாய்களின் உட்புறம் கான்கிரீட் பூசி, நடுவே இயந்திரத் துப்பாக்கியை மறைத்திருப்பார்கள். எதிரி விமானம் தலைக்குமேல் வட்டமிடும்போது கயிறு சுருட்டிக்கொண்டு சும்மா நிற்கத் தெரியவேண்டும். அந்த நிற்பை எந்த நடிகருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆனால் பயத்தை? போர் முடிந்து ஒன்பதே ஆண்டுகளில், மார்பு நிறையப் பதக்கங்களோடு, தன் நாட்டு மக்கள் முன்னால் ஒருவர் தன் நடுக்கத்தைக் காட்டுவாரா? லார்சன் அடக்கமானவர், அந்த அடக்கமே திரையில் சுவராகிவிடுகிறது. உள்ளே என்ன நடந்தது என்று நாம் பார்க்க முடிவதில்லை. நல்ல நடிகர் ஒருவர் அந்தச் சுவரில் ஒரு விரிசலாவது காட்டியிருப்பார்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பிழைத்தவர்தானே தன்னை நடிக்க முடியும்? இந்தப் படகுப் பணியில் 44 பேர் மாண்டார்கள். 1942 அக்டோபரில் 'டிர்பிட்ஸ்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தகர்க்க லார்சன் 'ஆர்தர்' படகில் போனார். இழுத்துவந்த, மனிதர் ஏறிச் செலுத்தும் டார்பிடோக்கள் இலக்கை நெருங்கும் வேளையில் புயலில் அறுந்துபோயின. படகை மூழ்கடித்துவிட்டு எல்லோரும் ஸ்வீடனுக்கு நடந்தார்கள். வழியில் பிடிபட்ட ராபர்ட் எவான்ஸ் என்ற பிரிட்டிஷ் மாலுமியை ஜெர்மானியர் சுட்டுக்கொன்றார்கள். அவருடைய பக்கத்தைச் சொல்ல அவர் வரமுடியாது.

திரையில் அகதிகளின் பக்கமும் வருவதில்லை. 350 பேருக்குமேல் இந்தப் படகுகளில் தப்பினார்கள். சுக்கான் பிடித்தவரைச் சுற்றியே கட்டிய கதையில் அவர்கள் ஏறி இறங்கும் பயணிகள், அவ்வளவே.

கரையில் தங்கியவர்கள் இன்னும் தூரம். ஷெட்லண்ட் போக்குவரத்துக்குத் துணைநின்ற டெலவோக் என்ற மீனவ ஊரில் 1942 ஏப்ரலில் இரண்டு கெஸ்டபோ அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். ஜெர்மானியர் ஊரையே கொளுத்தினார்கள்; ஆண்களை ஸாக்ஸன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள்; 31 பேர் திரும்பவில்லை. எதிர்ப்பின் விலையை முழுதாகச் சொல்ல நினைக்கும் படம் அந்த ஊரிலிருந்தே தொடங்கவேண்டும். அதற்கு நடிகர்கள்தான் வேண்டும்.