கொட்டகையின் கடைசி வரிசைக்கு

தேவாமிர்தவர்ஷிணி ராகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பழைய ரசிகர்கள் ஆரோகணம் அவரோகணத்துக்குப் போவதற்கு முன்பே ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். செங்கோட்டை கிட்டப்பா. தியாகராஜரின் ‘எவரனி’ கீர்த்தனையை அவர் பாடிய இசைத்தட்டுக்கு இன்று தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. கரகரப்பிரியாவின் ஜன்யமான அந்த ராகம் கச்சேரி மேடையில் தினமும் புழங்குவதல்ல. பாடியவரும் கச்சேரி வித்வான் அல்லர், நாடக நடிகர். அப்படியிருந்தும் கீர்த்தனையும் ராகமும் அவர் பேரோடு ஒட்டிக்கொண்டன. அவர் இறந்தபோது வயது 27.

எஸ்.ஜி. கிட்டப்பா 1906 ஆகஸ்டில் செங்கோட்டையில் பிறந்தார். அந்த ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. வீட்டில் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். அண்ணன்மார் நாடகத்துக்குப் போக, பின்னாலேயே ஐந்தாறு வயதுப் பிள்ளையும் போனது. சங்கரதாஸ் சுவாமிகளிடம் நாடகப் பாடம். பிறகு கன்னையா கம்பெனி. பிரம்மாண்டமான காட்சி ஜோடனைக்குப் பேர்போன அந்தக் கம்பெனியின் ‘தசாவதார’த்தில் கிட்டப்பா பரதனாக வருவதைப் பார்க்கவென்றே கூட்டம் சேர்ந்தது. குருவின் வீட்டுத் திண்ணையில் பல வருஷம் உட்கார்ந்து வர்ணம் பாடிப் பழகியவர் அல்லர் அவர். காதில் விழுந்ததையெல்லாம் தொண்டையில் இறக்கிக்கொண்ட கேள்வி ஞானம்தான்.

பிள்ளைகளை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளின் பையன்களுக்கு ஒரு பெரும் பயம் இருந்தது. மகரக்கட்டு. பதினாலு பதினைந்து வயதில் குரல் உடையும். நேற்றுவரை ‘ஒன்ஸ்மோர்’ வாங்கிய பிள்ளை இன்று வாயைத் திறந்தால் கரகரக்கும். அதோடு மேடையை விட்டு ஒதுங்கிப்போன பையன்கள் ஏராளம். கிட்டப்பாவின் குரல் அந்தக் கண்டத்தைத் தாண்டி, உச்ச ஸ்தாயியை இழக்காமல் வந்து சேர்ந்தது. பிள்ளைப்பருவத்தின் எட்டலும் ஆணின் கனமும் ஒரே தொண்டையில் சேர்ந்திருந்தன. தட்டைக் கேட்கிற எவரையும் முதலில் திகைக்கவைப்பது இந்தச் சேர்க்கைதான்.

அவர் பாடிய இடத்தை நினைத்துப் பார்க்காமல் அந்தக் குரலை முழுதாக ரசிக்க முடியாது. கீற்றுக் கொட்டகை, ராத்திரி முழுக்க நாடகம். ஒலிபெருக்கி கிடையாது. முன்னால் நாற்காலி, நடுவில் பெஞ்சு, கடைசியில் தரை. தரை டிக்கெட்டுக்காரன் காலணா அரையணாவைச் சேர்த்துக்கொண்டு வந்தவன். பாட்டு அவன் காதுக்குப் போகாவிட்டால் ராஜபார்ட்டாக இருந்து பயனில்லை. கச்சேரி வித்வான்கள் பெரும்பாலும் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் சுருதி வைத்துக்கொள்வார்கள். நாடகத்தில் அது செல்லாது. நாலு கட்டை, அதற்கும் மேலே போய்த்தான் கொட்டகையை நிரப்ப வேண்டும். அப்படி மேலே போகும்போது பலருக்குப் பாட்டு கத்தலாகிவிடும். கிட்டப்பாவுக்கு மேலே போகப் போகக் குரல் இளகியது. தார ஸ்தாயியில் நின்றுகொண்டு பிருகா உதிர்ப்பார். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனி மணியாக விழும். ஓசைக்காகச் சாகித்தியத்தை அவர் பலி கொடுப்பதும் இல்லை. கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகப் போக வேண்டுமென்ற நாடகக்காரரின் கட்டாயமே அவரிடம் சங்கீத அழகாக மாறியது.

‘எவரனி’யை இந்தக் கண்ணோடு கேட்டால் இன்னொன்றும் தெரியும். உன்னை யாரென்று தீர்மானித்தார்கள், சிவனென்றா, மாதவனென்றா, பிரமனென்றா, பரப்பிரம்மமென்றா என்று ராமனிடம் அடுக்கடுக்காகக் கேட்கிற கீர்த்தனை அது. வித்வான் பாடினால் அந்தக் கேள்விகள் பெரும்பாலும் சங்கதிகளுக்குள் அடங்கிவிடும். கிட்டப்பா நடிகர். எதிரே ஒருவனை நிறுத்தி வைத்துக் கேட்பதுபோலவே பாடுகிறார். கேள்வி துரத்துகிற வேகம் பாட்டில் இருக்கிறது. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷமும் கொஞ்சமும்தான். ராத்திரியெல்லாம் விரித்துப் பாடிப் பழகியவர் அந்தக் குறுகிய இடத்தில் அவசரப்பட்டதாகவே தோன்றாமல் அத்தனையையும் வைத்திருக்கிறார்.

அவர் சுருதி எத்தனை கட்டை என்பதில் ரசிகர்களிடையே தீராத வழக்கு உண்டு. நாலரை என்பார் ஒருவர், ஐந்து என்பார் இன்னொருவர். இன்று கிடைக்கிற பிரதிகளை வைத்து அதைத் தீர்ப்பது கஷ்டம். நிமிஷத்துக்கு 78 சுற்று ஓட வேண்டிய தட்டு 82, 83 சுற்று ஓடினால் போதும், சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். பிரதி எடுத்தவர் எந்த வேகத்தில் ஓட்டினாரோ அதுதான் நம் காதுக்கு வரும் கிட்டப்பா. ஆனால் வேகத்தைக் குறைத்து ஓட்டினாலும் அந்த ஒளி குறைவதில்லை.

‘காயாத கானகத்தே’ வேறு ஜாதி. ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியை வேடனாக வந்த முருகன் பார்த்துப் பாடுவது. இந்த முதல் இரண்டு சொற்களிலேயே எத்தனை ‘ஆ’காரம் என்று எண்ணிப் பாருங்கள். வாய் அகலத் திறக்க, குரல் தடையில்லாமல் வெளியே போகும். நாடகப் பாட்டு கட்டியவர்களுக்குப் பாடுகிறவனின் தொண்டை தெரியும். கிட்டப்பா அந்த நெடிலை இழுத்து நிறுத்தும்போது கானகம் கண்முன்னே விரிகிறது. வள்ளலாரின் ‘கோடையிலே இளைப்பாற்றிக்கொள்ளும்’ விருத்தத்திலோ தாளத்தின் பிடியும் இல்லை. வெயிலில் நடந்து வந்தவனுக்கு மரம், அந்த மரத்தில் நிழல், நிழலில் கனி என்று ஒவ்வொன்றாக வந்து சேருகிற பாட்டு. அதை அவர் அவசரமில்லாமல், சொல்லுக்குச் சொல் ஆறுதலாக இறக்குகிறார். பிருகாவுக்குப் பேர்போனவர் பிருகாவை அடக்கி வைத்திருக்கிற இடங்கள்தான் அதில் உருக்கமானவை. அவரிடம் வேகத்தை மட்டும் ரசித்தவர்கள் பாதிக் கிட்டப்பாவைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

மேடையில் ஆர்மோனியத்தோடு கூட இருந்தவர் அண்ணன் காசி ஐயர். தம்பியின் மூச்சு எங்கே முடியும், எந்த இடத்தில் திரும்புவான் என்பதெல்லாம் சிறுவயதிலிருந்தே தெரிந்த விரல்கள். கர்நாடக சங்கீதத்துக்கு ஆர்மோனியம் ஆகாது என்று சண்டை நடந்த காலத்தில், இந்த அண்ணன் தம்பி ஜோடியைக் கேட்பதற்குச் சங்கீதக்காரர்களே கொட்டகைக்கு வந்தார்கள்.

1920-களின் நடுவில் கிட்டப்பா இலங்கையில் நாடக நடிகை கொடுமுடி சுந்தராம்பாளைச் சந்தித்தார். கிட்டப்பாவுக்கு ஜோடியாக நின்று இந்தப் பெண்ணால் பாட முடியுமா என்று ஐயப்பட்டவர்கள் உண்டு என்பார்கள். ஐயம் ஒரே ராத்திரியில் தீர்ந்தது. இதில் ஒரு தொழில் நுட்பமும் இருக்கிறது. ஆணும் பெண்ணும் தர்க்கம் பாடுகிற காட்சியில் ஆர்மோனியம் ஒரே சுருதியில்தான் நிற்கும். ஆணுக்கு ஏற்றபடி வைத்தால் பெண்ணுக்குத் தாழ்ந்துவிடும், பெண்ணுக்கு ஏற்றபடி வைத்தால் ஆண் திணறுவார். இந்த இருவருக்கும் அந்தச் சங்கடமே இல்லை. ஒருவர் எட்டிய உச்சத்திலிருந்து மற்றவர் எடுக்கலாம். ஏற்கெனவே மணமான கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் மேடைக்கு வெளியேயும் இணைந்தார்கள். அந்த வாழ்வில் பிரிவும் கசப்பும் நிறைய இருந்தன என்பதைச் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் சொல்கின்றன. பின்னாளில் அவை அச்சில் வந்தன. படிக்கிறவர் மனம் கனத்துப்போகும்.

உடல்நலம் கெட்டு 1933 டிசம்பரில் கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைச் சேலை உடுத்தி, மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். பிறகு 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு நடிக்க வந்தபோது, ஊரெல்லாம் அந்தத் தொகையையே பேசிற்று. அவர் ஏற்றதோ நந்தனார் வேடம், ஆண் வேடம். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவை அவர் கடைசிவரை மாற்றவில்லை.

தமிழில் பேசும் படம் 1931-இல் வந்துவிட்டது. கிட்டப்பா அதில் நடிக்கவில்லை. பரதனாக அவர் எப்படி நின்றார், வேலனாக எப்படி நடந்தார் என்று பார்க்க நமக்கு வழியில்லை. இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் ஒலிவாங்கியின் முன்னால் அந்தக் குரல் என்ன செய்திருக்கும் என்று யோசிக்காத ரசிகர் இருக்க முடியாது. தணிந்து பாடும் வசதி கிடைத்திருக்கும். ‘கோடையிலே’ தட்டில் தலைகாட்டுகிற அந்த இன்னொரு கிட்டப்பா முழுதாக வெளிவந்திருக்கக்கூடும்.

அந்தப் பாணி மட்டும் அவரோடு போய்விடவில்லை. சோழவந்தானை அடுத்த தென்கரையில் 1924-இல் பிறந்த பாடக நடிகர் டி.ஆர். மகாலிங்கத்துக்குக் கிட்டப்பா மறைந்தபோது ஒன்பது வயது. எட்டுக்கட்டை போலக் கேட்கிற அதே எடுப்பு, அதே பிருகா அவரிடம் வந்து நின்றன. 1945-இல் ஏவி.எம்.மின் ‘ஸ்ரீ வள்ளி’ படத்தில் அவர் ‘காயாத கானகத்தே’ பாடியபோது, கொட்டகையில் அதைக் கேட்டிருந்தவர்கள் பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.